பவளம் சொல்லும் சாட்சி

அன்புள்ள ஆசிரியருக்கு,
பவளத்தின் வேதியியலைக் கொண்டு பல நூற்றாண்டுகளுக்கு முந்தைய கடல் வெப்பத்தைக் கணிக்கிறார்கள். வெப்பமானியே இல்லாத காலத்தைப் பற்றிய இது வெறும் ஊகம்தானே? அன்றும் கடுமையான எல் நினோ இருந்திருக்கிறது. அப்படியிருக்க இன்றைய வெப்பத்துக்கு மனிதனை ஏன் குறை சொல்ல வேண்டும்?
– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

இரண்டாவது கேள்விக்கு ஒரு வரி போதும்: எல் நினோ என்பது பசிபிக் கடல் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை சூடேறித் தணியும் ஊசலாட்டம், பல பத்தாண்டுகளாக ஏறிக்கொண்டே போகும் வெப்பத்துக்கு அது விளக்கமாகாது.

ஆனால் கண்ணால் காணாததையெல்லாம் ஊகமென்று தள்ளும் பழக்கம் படித்தவர்களிடமே பெருகுவது சில காலமாகவே என்னை வருத்துகிறது. முதல் கேள்வியில் பவளத்தை நம்ப மறுக்கும் நீங்கள், இரண்டாவது கேள்விக்கு அதே பவளத்தைத்தானே சாட்சிக்கு அழைக்கிறீர்கள்? பதினேழாம் நூற்றாண்டின் நடுவில் எல் நினோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியைப் போலவே வீரியமாக இருந்ததென்று, நடுப் பசிபிக்கிலுள்ள பால்மைரா தீவில் புயல் கரையேற்றிய பழம்பவளங்களை, கதிரியக்கச் சிதைவைக் கொண்டு வயதறியும் யுரேனியம்–தோரியம் முறையில் காலங்கணித்து, 2003இல் சொன்னவர்கள் பவள ஆய்வாளர் கிம் காப்பின் குழுவினர்தாம். முடிவை முன்பே எழுதிவைத்தவர்கள் இதை வெளியிட்டிருப்பார்களா?

இவ்வாய்வுகளுக்குப் பயன்படும் போரைட்டிஸ் என்னும் பவள வகை ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளர்கிறது; எக்ஸ்ரேயில் அடர்ந்தும் தளர்ந்தும் பட்டைகள் தெரியும். அவை ஆண்டுப் பட்டைகளே என்பதற்கு, அணுகுண்டுச் சோதனைகள் நடந்த பசிபிக்கின் எனிவெடோக் பவளத்தீவில் சான்று கிடைத்தது: சோதனைகளின் கதிரியக்கம் பட்டைகளில் படிந்திருந்தது, அந்த ஆண்டுகளிலிருந்து எண்ணியபோது கணக்கு பொருந்தியது. 1972இலேயே வெளியான செய்தி இது. நீர் குளிர்ந்தால் பவளக்கூட்டில் கால்சியத்துக்கு ஈடாகச் சேரும் ஸ்ட்ரான்சியமும், கனமான ஆக்சிஜன்–18உம் கூடுகின்றன. மழை மிகுந்தால் ஆக்சிஜன்–18 குறையும். நடுப் பசிபிக்கில் எல் நினோ வெப்பத்தையும் மழையையும் சேர்த்தே கொண்டுவருவதால் அதன் தடம் அங்கே அழுத்தமாக விழுகிறது. உயிருள்ள பவளத்தின் அண்மைக்காலப் பதிவைக் கருவிகளின் அளவோடு ஒப்பிட்டுச் சரிபார்த்த பிறகே பழம்பவளத்தைப் படிக்கிறார்கள். ஊகத்துக்கு இத்தனை பாடு எதற்கு?

மன்னார் வளைகுடாக் கரையில் பவளக்கல்லைச் சூளையில் சுட்டுச் சுண்ணாம்பாக்குவதைச் சிறுவயதில் பார்த்திருக்கிறேன். வெட்டிய கல்லின் முகமெங்கும் ஊசிமுனைத் துளைகள் பூவேலைபோல் நெருங்கியிருக்கும். எத்தனை ஆண்டுகளின் கடல் அந்தச் சூளைகளில் எரிந்ததென்று இப்போது நினைத்தாலும் நெஞ்சு பதைக்கிறது. 2001இல்தான் சட்டம் அவற்றுக்கு முழுப் பாதுகாப்பளித்தது. நடுப் பசிபிக்கின் கிரிட்டிமாட்டி தீவிலோ 2015–16 எல் நினோவின் வெப்பத்தில் பெரும்பாலான பவளங்கள் மடிந்தன.

நீங்கள் கேட்டிருக்க வேண்டியது இந்தக் கணிப்பில் பிழைக்கு எவ்வளவு இடமுண்டு என்பதை. ஒரே நீரில் வளர்ந்த இரண்டு பவளங்கள்கூட அச்சாக ஒன்றுபோல் பதிவதில்லை. அதனால்தான் பல துண்டுகளை ஒப்பிட்டுப் பார்க்கிறார்கள். அந்தக் கேள்வியோடு மீண்டும் எழுதுங்கள், விரிவாகப் பேசுவோம்.

அன்புடன்,
ஆசிரியர்