விடுமுறையில் அணையும் அடுப்பு

கேள்வி: எங்கள் ஊர்ப் பாடசாலையில் ஆரம்பப் பிரிவுப் பிள்ளைகளுக்குக் கிடைக்கும் இலவச உணவு விடுமுறை தொடங்கியதும் நின்றுவிடுகிறது. வருகிற ஆகஸ்ட் விடுமுறையில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கத்தின் மூலம் மதிய உணவு சமைத்துக் கொடுக்க எண்ணுகிறோம். வறிய குடும்பங்களின் பெயர்ப் பட்டியலைக் கிராம உத்தியோகத்தரிடம் பெற்று, அந்தப் பிள்ளைகளுக்கு மட்டும் கொடுப்பது சரியாகுமா?
- வாசகி, மூதூர்

பதில்: பட்டியலைத் தவிர்த்துவிடுங்கள். பாடசாலையில் வகுப்பே ஒன்றாக அமர்ந்து உண்பதால், யார் வீட்டு அடுப்பு எரியவில்லை என்பது வெளியே தெரிவதில்லை. விடுமுறையில் பெயர் கூப்பிட்டுச் சோறு கொடுத்தால் அது ஊருக்கே தெரிந்துவிடும். சற்று வளர்ந்த பிள்ளைகள் பசியோடு வீட்டில் இருந்தாலும் இருப்பார்களே தவிர, அந்த வரிசைக்கு வரமாட்டார்கள்.

அமெரிக்காவில் 1968 இல் சோதனை முயற்சியாகத் தொடங்கி 1975 இல் தனித் திட்டமான கோடைகால உணவுத் திட்டம் இச்சிக்கலுக்கு ஒரு வழி கண்டிருக்கிறது. ஒரு பகுதியிலுள்ள பிள்ளைகளில் பாதிப்பேராவது இலவசமாகவோ குறைந்த விலையிலோ பாடசாலை உணவு பெறத் தகுதியுடையவர்களாயின், அங்கே திறக்கப்படும் பொது உணவு நிலையத்துக்கு வருகின்ற 18 வயது வரையான எந்தப் பிள்ளைக்கும் பதிவின்றியே உணவு வழங்கப்படும். வறுமை ஊர் அளவில் கணக்கிடப்படுகிறது. பந்தியில் அமரும் பிள்ளையிடம் ஒன்றும் கேட்கப்படுவதில்லை. நமக்கும் இது புதிதன்று. கோயில் அன்னதானத்திலும் நோன்புக் கஞ்சி வரிசையிலும் யாருடைய வருமானத்தை விசாரிக்கிறோம்?

இங்கிலாந்து முழுவதற்கும் 2021 இல் விரிவாக்கப்பட்ட விடுமுறைத் திட்டத்தில் உணவோடு விளையாட்டும் பிற செயற்பாடுகளும் சேர்க்கப்பட்டுள்ளன. சனசமூக நிலையத்தில் காலையில் கரம், கதை வாசிப்பு, சித்திரம் என்று ஏதாவது நடத்தி, அதன் முடிவில் பந்தி போடுங்கள். விளையாட வந்த பிள்ளை சாப்பிட்டுவிட்டுப் போகிறது என்ற தோற்றமே அதன் மானத்தைக் காக்கும்.

சமையலில் ஒரு எச்சரிக்கை. தேங்காய்ப்பால் விட்ட கறி ஆகஸ்ட் வெயிலில் விரைவில் பழுதாகிவிடும். ஆகவே சோறு, பருப்பு, கீரை, அவித்த முட்டை அல்லது பொரித்த நெத்தலி என்று எளிமையாகச் சமைத்து, இறக்கிய இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறி முடித்துவிடுங்கள். கொதித்தாறிய நீரையே குடிக்கக் கொடுங்கள். தொடங்குமுன் உங்கள் பகுதிப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரை அழைத்துச் சமையலிடத்தைக் காட்டிவிடுவது பின்னால் வரக்கூடிய வீண் பேச்சைத் தவிர்க்கும்.

இன்னொன்று: உங்களிடம் ஒரு விடுமுறைக்கு மட்டுமே பணமிருந்தால், நான் ஆகஸ்ட்டை விட்டு டிசம்பரைத் தேர்வேன். ஆகஸ்ட்டில் நமது கிழக்குக் கரையில் கடல் பெரும்பாலும் அமைதியாக இருக்கும். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் சுற்றுலாவால் வேலையும் கிடைக்கும். மார்கழியிலோ வாடைக்காற்றும் மழையும் படகுகளைக் கரையேற்றிவிட, கூலி வேலையும் நின்றுபோகும் அந்த நாட்களில்தான் பாடசாலையும் மூடியிருக்கிறது.

கேள்வி: உலர் உணவுப் பொதியாகவோ பணமாகவோ வீட்டுக்கே கொடுத்துவிட்டால் வேலை குறையுமல்லவா?
- வாசகர், கிண்ணியா

பதில்: குறையும். அமெரிக்காவிலேயே 2024 முதல், திட்டத்தில் சேர்ந்த மாநிலங்களில், தகுதியுள்ள பிள்ளை ஒன்றுக்குக் கோடைக்கு 120 டொலர் உணவுக்கென அட்டை மூலம் வழங்கப்படுகிறது. ஆனால் அரசின் கையிருப்பு வேறு, சங்கத்தின் கையிருப்பு வேறு. பொதி கொடுப்பதாயின் பட்டியல் தவிர்க்க முடியாததாகிவிடும். ஐந்து பேருள்ள வீட்டில் அந்த அரிசி ஐந்தாகப் பங்கிடப்படும், அதைக் குறை சொல்லவும் முடியாது. வீடுகள் வயல்வெளிக்குள் எட்ட எட்டச் சிதறியிருந்து, சிறு பிள்ளைகள் நண்பகல் வெயிலில் நடந்து வர இயலாத இடங்களுக்கு மட்டும், சமைத்த உணவைப் பொதி கட்டி ஒருவர் மோட்டார் சைக்கிளில் கொண்டுபோய்க் கொடுக்கலாம்.