கம்பெனிப் பணமும் ஆராய்ச்சி முடிவும்: கேள்வி பதில்

மருந்துப் பரிசோதனைகளில் புள்ளியியல் பார்ப்பது என் தொழில். கம்பெனி பணம் போடும் ஆராய்ச்சியை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று நிறைய பேர் கேட்டிருந்தீர்கள். ஒரே மாதிரி வந்த கேள்விகளைச் சேர்த்துவிட்டேன்.

மருந்துக்கடை நடத்துபவர்: காசு கொடுத்தவருக்குச் சாதகமாக எண்ணை மாற்றி எழுதிவிடுவார்கள், அவ்வளவுதானே சார்?

எண்ணை மாற்றுவது அபூர்வம். அதற்குத் தேவையே இருக்காது. மனச்சிதைவுக்கான புது மருந்துகளை ஒன்றோடொன்று மோதவிட்ட பரிசோதனைகளை 2006-ல் ஒரு குழு எடுத்துப் பார்த்தது. கம்பெனிப் பணத்தில் நடந்தவற்றில் பத்துக்கு ஒன்பதில் பணம் போட்டவரின் மருந்துதான் முந்தியிருந்தது. ஓலான்சபின் ரிஸ்பெரிடோனைவிட நல்லது, ரிஸ்பெரிடோன் குவெட்டியாபினைவிட நல்லது, குவெட்டியாபின் ஓலான்சபினைவிட நல்லது! சுற்றிச் சுற்றி வந்து நின்ற இடத்திலேயே நிற்கிறோம்.

இதை எப்படிச் சாதிக்கலாம்? எதிராளியின் மருந்தைக் குறைந்த அளவில் கொடுங்கள், அது வேலை செய்யாது. அதிக அளவில் கொடுங்கள், பக்கவிளைவு கூடும். இரண்டிலும் நம் மருந்து நல்ல பிள்ளையாகத் தெரியும், கணக்கில் ஒரு தப்பும் இருக்காது. பல ஆய்வுகளை ஒன்றாகச் சேர்த்து எடைபோடும் காக்ரேன் என்ற அமைப்பின் 2017 தொகுப்பாய்விலும் இதே கதைதான். கம்பெனி ஆய்வுகளில் சாதகமான முடிவுகள் அதிகம். ஆனால் வழக்கமான தர அளவுகோல்களை வைத்துப் பார்த்தால் மற்ற ஆய்வுகளைவிட அவை மோசமில்லை. என்ன கேள்வி கேட்பது, எதோடு ஒப்பிடுவது என்று தீர்மானிக்கும்போதே பாதி வேலை முடிந்துவிடுகிறது.

ஓய்வுபெற்ற ஆசிரியை: சர்க்கரைக் கம்பெனிகள் ஹார்வர்டு பேராசிரியர்களை விலைக்கு வாங்கி, பழியைக் கொழுப்பின் மேல் போட்டார்கள் என்று வாட்ஸ்அப்பில் வந்தது. நிஜமா?

முக்கால்வாசி நிஜம். 1965-ல் அமெரிக்காவின் சர்க்கரை ஆராய்ச்சி அறக்கட்டளை ஹார்வர்டு ஊட்டச்சத்துத் துறையினருக்கு 6,500 டாலர் கொடுத்து, இதய நோய் பற்றி அதுவரை வந்த ஆய்வுகளை அலசி ஒரு கட்டுரை எழுதச் சொன்னது. என்ன நோக்கம் என்று சொன்னது அறக்கட்டளைக்காரர்கள், படிக்க வேண்டிய ஆய்வுகளை அனுப்பியது அவர்கள், வரைவை முன்கூட்டியே பார்த்ததும் அவர்கள். 1967-ல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் இரண்டு பகுதியாக வந்தது. சர்க்கரைக்கு எதிரான ஆய்வுகளைக் கடுமையாகச் சலித்த கட்டுரை, கொழுப்புக்கு எதிரானவற்றை அவ்வளவு சலிக்கவில்லை. பணம் எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி இல்லை. சான் பிரான்சிஸ்கோவில் உள்ள கலிபோர்னியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய கடிதங்களைத் தேடியெடுத்து 2016-ல் வெளியிட்ட பிறகுதான் விஷயம் வெளியே வந்தது.

மீதிக் கால்வாசி மிகை. அந்தக் காலத்தில் இப்படிப் பணம் வாங்குவதும் சொல்லாமல் விடுவதும் சாதாரணம். அந்த இதழே 1984-ல்தான் நிதி விவரம் கேட்க ஆரம்பித்தது. இதைச் சதி என்று சொல்வது சரியில்லை என்று 2018-ல் சயன்ஸ் இதழில் இரண்டு ஆய்வாளர்கள் வாதிட்டார்கள். அப்புறம், நிறைவுற்ற கொழுப்பு கெட்ட கொலஸ்டிராலை ஏற்றும் என்பதற்குச் சர்க்கரைக்காரர்களின் பணம் தொடாத ஆதாரங்கள் நிறைய உண்டு. வாட்ஸ்அப்பை நம்பி நெய்யை ஊற்ற ஆரம்பிக்காதீர்கள் அம்மா.

என்னைக் கேட்டால் இதைவிட மோசமானது அதே சர்க்கரை அமைப்பின் இன்னொரு வேலை. 1968-லிருந்து பர்மிங்காமில் எலிகளை வைத்து ஓர் ஆய்வுக்குப் பணம் கொடுத்தார்கள். சர்க்கரை தின்ற எலிகளில், சிறுநீர்ப்பைப் புற்றுநோயோடு தொடர்புபடுத்தப்பட்ட ஒரு நொதி கூடியிருப்பதாகத் தெரிய ஆரம்பித்தது. முடிக்க இன்னும் சில வாரம் வேண்டும் என்றார் ஆய்வாளர். பணம் நின்றது. முடிவு அச்சேறவே இல்லை. 1967 கட்டுரையையாவது யாராவது படித்துவிட்டுத் திட்டலாம். வராத கட்டுரையை யார் திட்டுவது?

மருத்துவ மாணவர்: அப்படி வெளிவராமல் போனவற்றை எப்படிக் கண்டுபிடிப்பது?

அமெரிக்காவில் மருந்துக்கு அனுமதி கேட்கும்போது கம்பெனி எல்லாப் பரிசோதனைகளையும் எஃப்டிஏ என்ற அரசு மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பிடம் கொடுத்தாக வேண்டும். மனச்சோர்வு மருந்துகளுக்கு அப்படிப் போன 74 ஆய்வுகளை எடுத்து, ஆய்விதழ்களில் வந்தவற்றோடு ஒரு குழு ஒப்பிட்டது. 2008-ல் வந்த வேலை இது. எஃப்டிஏ சாதகம் என்று கருதியவை 38. அவற்றில் 37 அச்சில் வந்தன. மீதி 36-ல் 22 வரவே இல்லை, 11 வந்தன ஆனால் சாதகம் போலத் தொனிக்கும்படி எழுதப்பட்டிருந்தன, மூன்றுதான் உள்ளதை உள்ளபடி சொல்லின. இதழ்களை மட்டும் படிக்கும் டாக்டருக்கு 94 சதவீதம் வெற்றி. எஃப்டிஏ கோப்பில் 51.

இதற்கு வைத்தியம், முன்பதிவு. ஆளைச் சேர்ப்பதற்கு முன்பே பரிசோதனையைப் பதிந்திருக்க வேண்டும் என்று பெரிய ஆய்விதழ்கள் 2005-லிருந்து கேட்கின்றன. இந்தியாவில் சிடிஆர்ஐ என்ற பதிவேடு 2007-ல் தொடங்கியது, 2009 ஜூனிலிருந்து கட்டாயம். யார் வேண்டுமானாலும் இலவசமாகத் திறந்து பார்க்கலாம். எதை முதன்மையாக அளக்கப் போகிறோம் என்று பதிவில் சொன்னதும் கட்டுரையில் சொல்வதும் ஒன்றுதானா என்று பாருங்கள். ஒரு சாயங்காலம் போதும்.

முனைவர் பட்ட மாணவி: எங்கள் வழிகாட்டிக்கு ஒரு கம்பெனி நிதி தருகிறது. நான் எதைக் கவனிக்க வேண்டும் சார்?

ஒப்பந்தத்தை. அதிலும் வெளியிடும் உரிமை யாருக்கு என்ற வரியை. பெட்டி டாங் என்ற ஆய்வாளரின் கதையைத் தெரிந்துகொள்ளுங்கள். தைராய்டுக்கான சின்த்ராய்டு மாத்திரையும் விலை குறைந்த மாற்று மாத்திரைகளும் ஒன்றா என்று பார்க்க, சின்த்ராய்டைத் தயாரித்த கம்பெனியே அவருக்குப் பணம் கொடுத்தது. ஒன்றுதான் என்று முடிவு வந்தது. எழுத்துமூலம் அனுமதி இல்லாமல் வெளியிடக் கூடாது என்று ஒப்பந்தத்தில் இருந்ததால், ஜாமா இதழ் ஏற்றுக்கொண்ட கட்டுரையை 1995-ல் திரும்பப் பெற வேண்டியதாயிற்று. 1997-ல்தான் வந்தது. கையெழுத்து போடும் நாளில் அந்த வரியை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை. உங்கள் வழிகாட்டியிடம் மரியாதையாகக் கேட்டுப் பாருங்கள். காட்ட மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

பெயர் வேண்டாம் என்றவர்: கம்பெனிகளை எதிர்ப்பவர்களுக்கு மட்டும் நலமுரண், அதாவது முடிவைச் சாய்க்கக்கூடிய சொந்த ஆதாயம், கிடையாதா?

தாராளமாக உண்டு. தடுப்பூசியால் ஆட்டிசம் வருகிறது என்று பீதி கிளப்பிய வேக்ஃபீல்டு என்ற மருத்துவரின் 1998 கட்டுரையை எடுங்கள். தடுப்பூசிக் கம்பெனிகள் மேல் வழக்குப் போட்ட வக்கீல்களிடமிருந்து அவருக்குப் பணம் வந்துகொண்டிருந்தது. கட்டுரையில் அதைச் சொல்லவில்லை. அதை வெளியிட்ட லான்செட் இதழ் 2010-ல் கட்டுரையைத் திரும்பப் பெற்றது.

கல்லூரிப் பேராசிரியர்: பணத்தை அரசு வழியாகக் கொடுத்தால் தீருமா?

எப்போதும் இல்லை. தினமும் அளவாக மது குடித்தால் இதயத்துக்கு நல்லதா என்று பார்க்க அமெரிக்க தேசிய சுகாதார நிறுவனம் 10 கோடி டாலரில் ஒரு பரிசோதனை தொடங்கியது. பெரும்பங்கு மதுக் கம்பெனிகளின் பணம், நடுவில் ஓர் அறக்கட்டளை. ஆனால் ஆய்வை வடிவமைக்கும்போதே அதிகாரிகளும் ஆய்வாளர்களும் கம்பெனிக்காரர்களைச் சந்தித்துப் பேசியது தெரியவந்தது. புற்றுநோய் போன்ற கெடுதலைப் பிடிக்கும் அளவுக்கு அந்தப் பரிசோதனை பெரிதாகவும் இல்லை, நீளமாகவும் இல்லை. 2018 ஜூனில் மூடிவிட்டார்கள்.

அதே மருந்துக்கடைக்காரர்: நீங்களும் கம்பெனியில் சம்பளம் வாங்கியவர்தானே சார், உங்களை எப்படி நம்புவது?

வாங்கினேன், பல வருடம். ஒரு முறை பக்கவிளைவு அட்டவணையைக் கட்டுரையிலிருந்து எடுத்து, கடைசியில் வரும் இணைப்பில் வைக்கச் சொன்னார்கள். ஓர் எண்ணும் மாறவில்லை. இடமில்லை என்றார்கள். சரி என்றேன். அந்தக் கட்டுரையை மேற்கோள் காட்டியவர்கள் நிறைய. இணைப்பைப் பற்றி இதுவரை யாரும் எனக்கு எழுதியதில்லை.