ஊசி நரம்பை விட்டு வந்த பிறகுதான் ஆபத்து

கேள்வி: சிரிஞ்சில் ரத்தம் எடுத்து, டியூபின் ரப்பர் மூடியில் குத்தி இறக்குவதுதான் எங்கள் வார்டில் வழக்கம். போன வாரம் டியூபைப் பிடித்திருந்த இடது கைவிரலில் ஊசி ஏறிவிட்டது. இதைவிடப் பாதுகாப்பான முறை உண்டா?

பதில்: முறை இருக்கட்டும், முதலில் உங்கள் விரல். எச்ஐவி தடுப்பு மாத்திரையை 72 மணி நேரத்துக்குள் தொடங்கியாக வேண்டும், முதல் இரண்டு மணி நேரத்திலேயே தொடங்கினால் இன்னும் நல்லது. அந்தக் கெடு உங்களுக்குத் தாண்டியிருக்கும். ஆனாலும் இன்றைக்கே பதிவு செய்யுங்கள், ரத்தப் பரிசோதனைக்குக் கொடுங்கள், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி மூன்று டோஸும் போட்டிருக்கிறீர்களா என்று பாருங்கள். போடாதவருக்கு, நோயாளியின் ரத்தத்தில் அந்தக் கிருமி இருந்தால், ஒரே குத்தில் தொற்ற 30 சதவீதம் வரை வாய்ப்பு உண்டு. எச்ஐவிக்கு அது 0.3 சதவீதம்தான். பலர் பயப்படுவது என்னவோ எச்ஐவிக்குத்தான்!

சரி, முறைக்கு வருவோம். ஊசி வெளியே வந்த பிறகு அதை வைத்து எவ்வளவு குறைவாக வேலை செய்கிறீர்களோ அவ்வளவு நல்லது. சிரிஞ்சு முறையில் ரத்தம் தோய்ந்த ஊசியைக் கையில் வைத்துக்கொண்டே இன்னொரு குத்து குத்த வேண்டியிருக்கிறது, அதுவும் உங்கள் விரலுக்கு ஓர் அங்குலம் தள்ளி. உள்ளே காற்றை எடுத்துவிட்டு, ரத்தத்தைத் தானே இழுக்கும்படி செய்த வேக்குவம் டியூபில் அந்த வேலையே இல்லை. ஊசி நரம்பில் இருக்கும்போதே ஊசியைப் பொருத்திய பிளாஸ்டிக் பிடியான ஹோல்டருக்குள் டியூபைத் தள்ளினால் ரத்தம் தானாக இறங்கும், ஒரே குத்தில் நாலு டியூபும் எடுக்கலாம். முடிந்ததும் கையில் இறுக்கிக் கட்டிய பட்டையை (டூர்னிக்கே) தளர்த்தி, கடைசி டியூபை உருவி, பஞ்சை வைத்து ஊசியை எடுத்த கையோடு அதே கையின் கட்டைவிரலால் பாதுகாப்பு உறையை ‘டிக்’ என்று கேட்கும்வரை தள்ளுங்கள். அப்படியே ஹோல்டரோடு ஊசிக் கழிவுப் பெட்டியில் போட்டுவிட வேண்டும். ஹோல்டரை மிச்சம் பிடிக்கிறேன் என்று ஊசியைத் திருகிக் கழற்றுபவர்களைப் பார்த்திருக்கிறேன். பின்பக்கமும் ஓர் ஊசி இருப்பது அவர்களுக்கு நினைவில் இருப்பதில்லை.

அந்தப் பெட்டி கைக்கு எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், முக்கால் நிரம்பியதும் மாற்றிவிடுங்கள். ஊசிக்கு மூடியைத் திரும்ப மாட்டும் பழக்கம் இருந்தால் அதையும் விட்டுவிடுங்கள். கையுறை ஊசியைத் தடுக்காது, ஆனால் ஊசியின் வெளிப்பக்கத்து ரத்தத்தைக் கொஞ்சம் துடைத்துவிடும்.

நரம்பு மெலிந்து, சிரிஞ்சைத் தவிர வழியில்லாத நோயாளிகள் இருப்பார்கள்தான். அப்போது ஊசியின் உறையைப் பூட்டிக் கழற்றிப் பெட்டியில் போட்டுவிட்டு, சிரிஞ்சிலிருந்து டியூபுக்கு ரத்தம் மாற்றும் ஹோல்டரைச் சிரிஞ்சில் பொருத்தி இறக்கலாம். அதுவும் இல்லையா, டியூபை ஸ்டாண்டில் நிறுத்தி ஒரு கையால் மட்டும் குத்துங்கள், இன்னொரு கை பக்கத்திலேயே வரக் கூடாது. பிஸ்டனையும் அழுத்தாதீர்கள், வேக்குவமே இழுத்துக்கொள்ளும். அழுத்தினால் மூடி தெறித்து ரத்தம் முகத்தில் அடிக்கலாம்.

அப்புறம், உறை வைத்த ஊசி வார்டுக்கு வந்த அன்றே நேராக நோயாளியிடம் போகாதீர்கள். செயற்கைக் கையில் பத்துத் தடவை குத்தி எடுத்து, கட்டைவிரல் பழகிய பிறகு போங்கள்.