டைவிங் முடித்த மாலையில் விரல் மதமதத்தால்

கேள்வி: வயது 41, ஹூஸ்டனில் வசிக்கிறேன். போன வருடம் மெக்சிகோவின் கொசுமெல் தீவில் மூன்று நாள் ஸ்கூபா டைவிங் செய்தேன். கடைசி நாள் மாலை வலது தோளில் வலி, விரல்களில் மதமதப்பு. தைலம் தேய்த்து, வலி மாத்திரை போட்டுக்கொண்டு மறுநாள் காலை விமானம் ஏறினேன். நாலைந்து நாளில் சரியாகிவிட்டது. இதயத்தில் ஓட்டை இருக்கலாம் என்று இணையத்தில் படித்ததிலிருந்து தூக்கமில்லை. அடுத்த மாதம் மறுபடியும் போகிறோம். சுறா, பவளப்பாறைக் கீறல், சைனஸ் என்று எல்லாமே பயம். முன்கூட்டியே சளி மாத்திரை போடலாமா?

பதில்: சுறாவை விடுங்கள். அங்கே பாறையடியில் படுத்திருக்கும் நர்ஸ் சுறா, சீண்டாதவரை உங்களைச் சட்டை செய்யாது. கீறலைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள்.

போகிறபோக்கில் எழுதியிருக்கிறீர்களே, அந்த மாலைதான் என் கவலை. டைவிங்குக்குப் பின் தோள்வலியோடு விரலும் மதமதத்தால், வேறு காரணம் உறுதியாகும்வரை அதை டிகம்ப்ரஷன் நோய் என்றுதான் நாங்கள் எடுத்துக்கொள்வோம். 30 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் கரையில் உள்ளதைப்போல நான்கு மடங்கு. அதில் உடம்புக்குள் கரைந்த நைட்ரஜன், மேலே வரும்போது கோலி சோடாவை உடைத்த மாதிரி குமிழ்விடும். மூட்டில் என்றால் வலி. தண்டுவடத்தில் என்றால் கால் தள்ளாடும், சிறுநீர் பிரியாது. பெரும்பாலும் 6 மணி நேரத்துக்குள் தெரிந்துவிடும். ஆழத்தையும் நேரத்தையும் கணக்கிடும், கையில் கட்டும் டைவ் கம்ப்யூட்டர் எச்சரிக்கவில்லையே என்பது சமாதானமாகாது.

தைலத்துக்கு இங்கே வேலையே இல்லை. மறுபடி அப்படி வந்தால், டைவ் மாஸ்டரிடம் சொல்லி உடனே முழு ஆக்சிஜன் வாங்கிக்கொள்ளுங்கள். மூடிய அறையில் காற்றழுத்தத்தைக் கூட்டிக் குமிழைச் சுருக்கும் அழுத்த அறைச் சிகிச்சை கொசுமெல்லிலேயே உண்டு, ராத்திரியானாலும் போங்கள். விமானத்துக்குள் அழுத்தம் 6,000 முதல் 8,000 அடி மலைமேல் இருப்பதுபோலக் குறையும், குமிழ் பெருக்கும். நீங்கள் தப்பித்தது அதிர்ஷ்டம். பல நாள் டைவ் செய்தவர் அறிகுறி இல்லாவிட்டாலும் குறைந்தது 18 மணி நேரம் பறக்கக் கூடாது. 24 என்றால் இன்னும் நல்லது.

நீங்கள் படித்த அந்த இதய ஓட்டை, கருவில் இருந்து பிறந்தபின் முழுதாக மூடாமல் போன சிறு திறப்பு; குமிழ் அதன் வழியே நுரையீரலில் வடிகட்டப்படாமல் உடம்புக்குள் போகலாம். அது நாலில் ஒருவருக்கு இருக்கிறது. பலருக்குத் தெரியாமலே ஆயுள் கழிகிறது. எக்கோ தேவையா என்பதை இணையம் முடிவுசெய்ய வேண்டாம். டைவிங் மருத்துவம் தெரிந்த டாக்டர் உங்கள் நரம்புகளைச் சோதித்துவிட்டுச் சொல்வார். அவர் சம்மதிக்கும்வரை தண்ணீரில் இறங்காதீர்கள்.

சளி மாத்திரை கூடவே கூடாது. ஆழத்தில் அதன் வேகம் தணிந்தால், மேலே வரும்போது சைனஸில் விரியும் காற்றுக்கு வழியிருக்காது. மூக்கடைப்பா? அன்றைக்கு டைவ் வேண்டாம், படகுக்குக் கட்டிய பணம் போனால் போகட்டும்.