ஓட்டமும் கூச்சமும்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் கும்பகோணம் அருகே ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் தமிழாசிரியை. வயது 42. பள்ளியில் படித்த காலத்தில்கூட ஓட்டப் பந்தயத்தில் நின்றதில்லை. சென்ற மாதம் இரத்தப் பரிசோதனையில் சர்க்கரை எல்லைக்கோட்டில் இருப்பதாகத் தெரிந்தது. மாத்திரை இப்போது வேண்டாம், உடற்பயிற்சியைக் கூட்டுங்கள் என்றார் மருத்துவர். நடைப்பயிற்சி ஏற்கெனவே உண்டு என்பதால் ஓடிப் பார்க்கலாம் என்று விடியற்காலையில் எங்கள் பள்ளி மைதானத்தில் இறங்கினேன். அரைச் சுற்று முடிவதற்குள் மூச்சு வாங்கி, விலாவில் பிடித்துக்கொண்டு நின்றுவிட்டேன். மறுநாளும் அதே கதைதான். நடக்க வரும் ஆண்கள் வேடிக்கை பார்க்கிறார்கள். "இந்த வயதில் ஓடினால் முட்டி போய்விடும்மா" என்று ஒரு பெரியவர் அறிவுரை சொன்னார். என் அக்கா மகனோ பத்து கிலோமீட்டர் ஓட்டத்துக்குப் பெயர் கொடுக்கச் சொல்கிறான். எனக்கு ஓட்டமே வராதா? வரும் என்றால் எங்கிருந்து தொடங்குவது?

பெயர் வெளியிட வேண்டாம்.

அன்புடன்,
ஒரு வாசகி

*

அன்புள்ள ஆசிரியர் அவர்களுக்கு,

அந்த அரைச் சுற்றை எவ்வளவு வேகமாக ஓடினீர்கள் என்பதை நீங்கள் எழுதவில்லை. வேடிக்கை பார்த்தவர்களைப் பற்றி எழுதியிருப்பதால் என்னால் ஊகிக்க முடிகிறது. நாலு பேர் பார்க்கும் இடத்தில் யாருமே தன் சக்திக்குத் தக்கபடி ஓடுவதில்லை. மெதுவாக ஓடினால் "இதற்கு நடந்தே போகலாமே" என்று நினைத்துவிடுவார்களோ என்ற கூச்சம் காலை விரட்டுகிறது. புதிதாக ஓட வருபவர்களில் பெரும்பாலானோரை வீட்டுக்கு அனுப்பி வைப்பது இந்தக் கூச்சம்தான். வயதையும் நுரையீரலையும் அப்புறம் குறை சொல்லிக்கொள்ளலாம்.

உடம்புக்குள் நடப்பது இதுதான். நிற்கும் நிலையிலிருந்து ஓடத் தொடங்கியதும் தசைகள் அந்தக் கணமே கூடுதல் ஆக்சிஜன் கேட்கின்றன. இதயமும் மூச்சும் அந்தத் தேவைக்கு ஈடுகொடுக்க இரண்டு மூன்று நிமிடங்கள் ஆகும். மைதானத்தின் அரைச் சுற்று ஏறக்குறைய 200 மீட்டர். அதை ஓட உங்களுக்கு ஒன்று, ஒன்றரை நிமிடம் ஆகியிருக்கும். அதாவது, உடம்பு தயாராகி முடிக்கும் முன்பே நீங்கள் தீர்ப்பு எழுதிவிட்டீர்கள்.

சரியான வேகம் எது என்று தெரிந்துகொள்ளக் கைக்கடிகாரமோ கருவியோ தேவையில்லை. தமிழாசிரியரிடம் இதைச் சொல்வதில் எனக்குக் கொஞ்சம் மகிழ்ச்சி: ஓடிக்கொண்டே ஒரு குறளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். ஏழு சீரும் திணறாமல் வந்தால் அதுதான் உங்கள் வேகம். முதல் அடி முடிவதற்குள் மூச்சு வாங்கினால் வேகத்தைக் குறையுங்கள். குறைத்த பிறகு, பக்கத்தில் விறுவிறுப்பாக நடப்பவர் உங்களை முந்திப் போகக்கூடும். போகட்டும்.

மெதுவான ஓட்டம் என்பது முடியாதவர்களுக்காகக் கண்டுபிடித்த சலுகை என்று நினைத்துவிடாதீர்கள். நியூசிலாந்தில் ஆர்தர் லிடியார்ட் என்றொரு பயிற்சியாளர் இருந்தார். 1960 ரோம் ஒலிம்பிக்கில் அவருடைய சீடர்கள் பீட்டர் ஸ்னெல் 800 மீட்டரிலும் முர்ரே ஹால்பெர்க் 5,000 மீட்டரிலும் தங்கம் வாங்கினார்கள். 800 மீட்டர் வீரரைக்கூட வாரக்கணக்கில் நெடுந்தூரம் ஓடவிட்டு அடித்தளம் போட்ட மனிதர் அவர். அதே லிடியார்ட் நடுவயதுக்காரர்களையும் இதயநோய் கண்டவர்களையும் ஆக்லாந்தில் ஓட வைத்தார். வதைத்துக்கொள்ளாமல் பயிற்சி செய் என்பதுதான் அவர் கொள்கை.

1962-ன் இறுதியில் அமெரிக்காவின் ஓரிகன் பல்கலைக்கழகத் தடகளப் பயிற்சியாளர் பில் பவர்மேன் அங்கே விருந்தாளியாகப் போனார். பவர்மேனுக்கு அப்போது ஐம்பதைத் தாண்டிய வயது. பயிற்சியாளர்தான், ஆனால் அவர் ஓடுவதை எப்போதோ விட்டிருந்தார். ஒரு நாள் ஆக்லாந்து ஓட்டக்காரர்களோடு அவரும் கிளம்பினார். சிறிது தூரத்திலேயே பின்தங்கிவிட்டார். எழுபதைத் தாண்டிய ஒரு முதியவர், அதுவும் மாரடைப்புகளிலிருந்து மீண்டவர், அவருக்காக வேகத்தைக் குறைத்துக்கொண்டு பேச்சுக் கொடுத்தபடியே கூட வந்தார். பவர்மேனுக்குப் பதில் சொல்லக்கூட மூச்சு இல்லை. ஊர் திரும்பியதும் பொதுமக்களுக்கு மெதுவோட்ட வகுப்பு நடத்த ஆரம்பித்தார். பிறகு ஓர் இதயநோய் மருத்துவரோடு சேர்ந்து 1967-ல் அதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். அமெரிக்காவில் மெதுவோட்டம் பரவியதில் அந்தப் புத்தகத்துக்குப் பெரிய பங்கு உண்டு. நைக்கி நிறுவனத்தைத் தோற்றுவித்த இருவரில் இவரும் ஒருவர். ஆக, இன்று கடைகளில் அடுக்கி வைத்திருக்கும் காலணிகளுக்கும் அந்த முதியவருக்கும்கூட ஒரு தூரத்துச் சொந்தம் இருக்கிறது.

இனி உங்கள் மைதானத்துக்கு வருவோம். ஜோஷ் கிளார்க் என்ற அமெரிக்கர் 1996-ல் ஓர் ஒன்பது வார அட்டவணை தயாரித்தார். ஓடியே பழக்கமில்லாத தன் அம்மாவையும் மனத்தில் வைத்துத்தான். இன்று உலகம் முழுவதும் புதியவர்கள் பலர் அதைப் பின்பற்றித் தொடங்குகிறார்கள். வாரத்துக்கு மூன்று நாள், நடுவில் ஒரு நாளாவது ஓய்வு. முதல் வாரத்தில் ஐந்து நிமிடம் விறுவிறுப்பாக நடக்க வேண்டும். பிறகு 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி இருபது நிமிடம். கூட்டிப் பாருங்கள், முதல் நாள் நீங்கள் ஓடுவது மொத்தமே எட்டு நிமிடம். வாரம் செல்லச் செல்ல ஓட்டம் நீண்டு நடை குறையும். ஒன்பதாம் வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓடுவீர்கள்.

அந்த அட்டவணையில் எனக்கு ஒரு குறை உண்டு. ஐந்தாம் வாரம் அநியாயம். முதல் நாள் ஐந்து ஐந்து நிமிடமாக ஓடச் சொல்லிவிட்டு, மூன்றாம் நாளே இருபது நிமிடம் ஒரே மூச்சில் ஓடச் சொல்கிறது. பலர் அங்கேதான் மிரள்கிறார்கள். நீங்கள் நாலாம் வாரத்தை இரண்டு முறை, வேண்டுமானால் மூன்று முறை செய்யுங்கள். ஒன்பது வாரம் பதினான்கு வாரம் ஆனால் யாரும் உங்களுக்கு மதிப்பெண் குறைக்கப் போவதில்லை.

பெரியவர் சொன்ன முட்டி விஷயம். 2017-ல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து, முழங்கால், இடுப்பு மூட்டுத் தேய்மானத்தைக் கணக்கிட்டது. பொழுதுபோக்குக்காக ஓடுபவர்களில் சுமார் 3.5 சதவீதம் பேருக்கும், ஓடாமல் இருப்பவர்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கும், போட்டி வீரர்களில் சுமார் 13 சதவீதம் பேருக்கும் தேய்மானம் இருந்தது. ஓட்டம் முட்டியைக் காப்பாற்றும் என்று இதை வைத்துச் சத்தியம் செய்ய மாட்டேன், முட்டி வலி வந்தவர்கள் ஓட்டத்தை விட்டுப் போயிருக்கலாம் அல்லவா? ஆனால் அளவோடு ஓடினால் முட்டி போய்விடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை.

உண்மையில் கவனிக்க வேண்டிய ஆபத்து வேறு. மூச்சு சில வாரங்களில் பழகிவிடும். எலும்பும் தசைநாணும் பலப்பட மாதங்கள் ஆகும். அதனால் ஒரு மாதம் கழித்து "இப்போதெல்லாம் மூச்சே வாங்கவில்லை, தினமும் ஓடலாமே" என்று தோன்றும். கீழ்க்காலின் முன்பக்க எலும்பு வலிக்கத் தொடங்குவதும் அப்போதுதான். தொடையிலும் கெண்டைக்காலிலும் இரண்டு நாள் இருந்து மறையும் வலி இயல்பானது. ஓர் இடத்தில் விரல் வைத்துக் காட்டும்படி குத்தினால், அல்லது ஓட ஓடக் கூடினால், ஓட்டத்தை நிறுத்திவிட்டு மருத்துவரிடம் காட்டுங்கள். நெஞ்சில் அழுத்தம், தலைசுற்றல் என்றால் ஒரு நாள்கூடத் தள்ளிப்போடக் கூடாது.

ஓடுவதற்கென்று செய்த காலணி ஒன்று வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலை நேரத்தில் கடைக்குப் போங்கள். நீளமான விரலுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் இருக்கட்டும். கடைக்காரர் சொல்லும் தொழில்நுட்பப் பெயர்களைவிட, போட்டு நடக்கும்போது காலுக்கு இதமாக இருக்கிறதா என்பதே முக்கியம். காலணியைவிட முக்கியமான ஒன்றை நம் ஊரில் யாரும் சொல்வதில்லை, நான் சொல்கிறேன்: அசைவைத் தாங்கிப் பிடிக்கும் விளையாட்டு உள்ளாடை. அது இல்லாமல் பல பெண்களுக்கு ஓட்டம் வலியாகவும் சங்கடமாகவுமே முடிகிறது. மேலே தளர்வான பருத்திச் சுடிதார் போதும், துப்பட்டா மட்டும் வேண்டாம்.

உங்கள் பக்கம் விடியற்காலையில் வெயில் இல்லாவிட்டாலும் காற்றில் ஈரம் அதிகம். வியர்வை காயாது, உடம்பு குளிராது. அன்றைக்கு இன்னும் மெதுவாக ஓடுங்கள். மாத்திரை எடுக்காததால் ஓடும்போது சர்க்கரை தாழ்ந்துவிடுமோ என்ற கவலை உங்களுக்குப் பெரிதாக இல்லை. இதைப் படிக்கும் மற்றவர்கள் இன்சுலினோ மாத்திரையோ எடுப்பவர்களானால் மருத்துவரைக் கேட்காமல் வெறும் வயிற்றில் ஓட வேண்டாம். நாய் துரத்தினால் ஓட்டத்தை நிறுத்தி நடங்கள், பெரும்பாலும் அதற்கும் ஆர்வம் போய்விடும்.

வேடிக்கை பார்ப்பவர்களுக்கு வருகிறேன். 1928 ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக்கில் பெண்கள் முதன்முறையாக 800 மீட்டர் ஓடினார்கள். ஓடி முடித்த சிலர் களைத்துச் சாய்ந்ததைப் பத்திரிகைகள் ஊதிப் பெரிதாக்கின. பெண் உடம்பு இதைத் தாங்காது என்று முடிவு கட்டி, 1960 வரை அந்தப் போட்டியையே பெண்களுக்கு இல்லாமல் செய்துவிட்டார்கள். உங்கள் மைதானத்தில் அது வெறும் இரண்டு சுற்று. அங்கே நடக்க வருபவர்கள் இரண்டு வாரம் பார்ப்பார்கள், பிறகு உங்களுக்கு வழிவிட்டு நடக்கப் பழகிவிடுவார்கள். முடிந்தால் சக ஆசிரியை ஒருவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். பேச்சுத் துணை இருந்தால் குறள்கூடத் தேவைப்படாது.

அக்கா மகனிடம் இந்த ஆண்டு ஐந்து கிலோமீட்டருக்குப் பெயர் கொடுப்பதாகச் சொல்லுங்கள். விடைத்தாள் திருத்தும் பணி வந்தால் ஓட்டம் நின்றுபோகும், அதுவும் தெரிந்ததுதான். ஒரு வாரம் விட்டால் விட்ட இடத்திலிருந்தே தொடருங்கள். மூன்று வாரம் விட்டால் அட்டவணையில் இரண்டு வாரம் பின்னால் போய்த் தொடங்குங்கள்.

அன்புடன்.