மருந்துக்குக் கட்டுப்படுகிற கிருமி, ஆனாலும் மடிநோய் திரும்புகிறது

கேள்வி: சேரன்மகாதேவி பக்கம் ஜெர்சி கலப்பின மாடு வைத்திருக்கிறேன். ஒரு காம்பில் மடிநோய். ஊசி போட்டால் பால் தெளிகிறது, சில வாரத்தில் மறுபடி திரிதிரியாக வருகிறது. பால் பரிசோதனையில் ஸ்டெபைலோகாக்கஸ் ஆரியஸ் என்ற கிருமி, போட்ட மருந்துக்குக் கட்டுப்படும் என்றே வந்தது. மருந்து போலியா?

பதில்: மருந்தைக் குறை சொல்ல வேண்டாம், அறிக்கையும் சரியாகத்தான் இருக்கும். ஒரே கிருமியின் பிள்ளைகள், மரபணுவில் இம்மி வித்தியாசம் இல்லாதவை, எல்லாம் ஒன்றுபோல நடப்பதில்லை. செல் பிரியும்போது உள்ளிருக்கும் புரதங்கள் சமமாகப் பங்காவதில்லை. சிலதில் ஏடிபி என்னும் ஆற்றல் மூலக்கூறு குறைந்துபோய், வளர்ச்சி நின்றுவிடும். பெனிசிலின் வகை மருந்துகள் செல்சுவர் கட்டும் வேலையைக் கெடுத்துக் கொல்பவை. கட்டாமல் கிடப்பதை அவை என்ன செய்யும்? களைக்கொல்லி முளைத்த களையைக் கருக்கும், மண்ணில் உறங்கும் விதை தப்பிக்குமே, அப்படித்தான்.

1944-ல் ஜோசப் பிக்கர் என்ற கிருமியியல் ஆய்வாளர் இதே ஸ்டெபைலோகாக்கஸில் இதைக் கண்டார். பெனிசிலினுக்குத் தப்பியது பத்து லட்சத்தில் ஒன்று அளவுக்குத்தான். தப்பியதை வளர்த்தால் அதன் வாரிசுகள் மறுபடி பெனிசிலினில் செத்தன. உங்கள் அறிக்கை 'கட்டுப்படும்' என்றே வருவதும் இதனால்தான். போதாக்குறைக்கு, இந்தக் கிருமி மடித்திசுவுக்குள் சீழ்க்கட்டியாகவும் பதுங்கும். அங்கே மருந்து சரியாக எட்டாது.

பால் வெளுத்ததும் ஊசியை நிறுத்துவதுதான் பலர் செய்கிற தப்பு. மருத்துவர் சொன்ன நாள் முழுக்கப் போடுங்கள். மறுபடி பரிசோதிப்பதானால் மருந்து தொடங்குமுன் எடுக்க வேண்டும்: காம்பைக் கழுவித் துடைத்து, 70 சதவீத ஆல்கஹால் பஞ்சால் நுனியைத் தேய்த்து, முதல் மூன்று நான்கு பீச்சலைத் தனிப் பாத்திரத்தில் விட்டுவிட்டு, கிருமிநீக்கிய குப்பியில் 5 முதல் 10 மில்லி பிடியுங்கள். ஐஸில் வைத்து அன்றைக்கே கொடுங்கள். இராமையன்பட்டி கால்நடை மருத்துவக் கல்லூரியில் விசாரிக்கலாம்.

இந்த மாட்டைக் கடைசியாகக் கறக்கவும். கறந்ததும் நான்கு காம்பையும் 0.5 சதவீத அயோடின் கிடைக்கும் போவிடோன் அயோடின் கரைசலில் முக்கி, அரைமணி நேரம் படுக்கவிடாமல் தீவனம் போடுங்கள். காம்புத் துளை மூட அவ்வளவு நேரமாகும்.

பெரிய வாய்ப்பு பால் வற்றும் காலத்தில்தான். கன்று ஈனுவதற்கு 60 நாள் முன்பு கறவையை நிறுத்தி, கடைசிக் கறவைக்குப் பின் நான்கு காம்பிலும் வற்றுகால டியூப் மருந்து ஏற்றச் சொல்லுங்கள். கறந்து வெளியேற்றாததால் மருந்து வாரக்கணக்கில் மடியிலேயே தங்கும், உறக்கம் கலைந்து வளரத் தொடங்குவதும் சிக்கும். மடி ஏற்கனவே கல்லாக இறுகியிருந்தால் இதுவும் பெரிதாக உதவாது. அந்தக் காம்பை நிரந்தரமாக வற்றவைப்பதா, மாட்டையே கழிப்பதா என்று மருத்துவரிடம் பேசி முடிவெடுங்கள்.