ஜெயிச்சவங்கன்னா நல்லா ஆடுனவங்கன்னு அர்த்தமா?

மேட்ச், தேர்தல், ஏலம், வாய்ச்சண்டை எல்லாத்துக்கும் ஜெயிக்கிறதுன்னுதான் சொல்றோம், எல்லாம் ஒண்ணுதானான்னு கேட்டிருக்கீங்க. இல்லைங்க. எதை எண்ணணும்னு ரூல் சொல்லுதோ அதுல முந்துனவங்க ஜெயிச்சவங்க, அவ்ளோதான். நல்லா ஆடுனது யாருங்கறது தனி கதை.

2019 ஜூலை 14-ஐ எடுத்துக்குங்க. ஒரே நாள்ல லண்டன்ல ரெண்டு ஃபைனல். விம்பிள்டன்ல ஃபெடரர் எடுத்தது 218 பாயிண்ட், ஜோகோவிச் 204தான், ஆனா கப்பு ஜோகோவிச்சுக்கு, ஏன்னா டென்னிஸ்ல பாயிண்ட்டை மொத்தமா கூட்டிப் பாக்க மாட்டாங்க, செட்டைத்தான் எண்ணுவாங்க, ஃபெடரர் 6-1னு அள்ளுனதும் ஒரு செட்தான், ஜோகோவிச் டைபிரேக்கர்ல (செட் சமமா இழுத்தா முடிவுக்கு ஆடுறது) தட்டுத்தடுமாறி எடுத்ததும் ஒரு செட்தான். அஞ்சாவது செட்ல 8-7, 40-15, சர்வீஸும் ஃபெடரரோடது, ரெண்டு மேட்ச் பாயிண்ட், அதுல ஒண்ணை எடுத்திருந்தாலே கப்பு அவருக்கு, ரெண்டும் போச்சு. (எனக்கு இன்னும் ஆறல, விடுங்க.)

அந்தப் பக்கம் லார்ட்ஸ்ல கிரிக்கெட் உலகக் கோப்பை. இங்கிலாந்து, நியூசிலாந்து ரெண்டும் 241, சூப்பர் ஓவர்லயும் 15-15. கடைசில பவுண்டரியை எண்ணி, 26-17னு இங்கிலாந்துக்குக் குடுத்தாங்க. நியூசிலாந்து இழந்தது 8 விக்கெட், இங்கிலாந்து ஆல் அவுட், அதனால விக்கெட்டை எண்ணியிருந்தா கப்பு நியூசிலாந்துக்குப் போயிருக்கும். ரூல் முன்னாடியே இருந்ததுதான், யாரும் ஏமாத்தல, ஆனா அதே வருஷம் ஐசிசி அதைத் தூக்கிட்டு, முடிவு வர்ற வரைக்கும் சூப்பர் ஓவர்னு மாத்திடுச்சு.

தேர்தலும் இப்படித்தான். 2016-ல அமெரிக்காவுல ஹிலாரிக்கு 28 லட்சத்துக்கு மேல ஓட்டு அதிகம், ஜனாதிபதி ஆனது டிரம்ப், அங்க கடைசியா எண்ணுறது எலெக்டர்னு மாநிலவாரியா தேர்ந்தெடுக்கற பிரதிநிதிங்க ஓட்டைத்தானே.

ஏலம் மட்டும் கொஞ்சம் விவகாரமானது. எல்லாரும் ஒரே பொருளுக்கு ஆளாளுக்கு ஒரு மதிப்பு போடுறாங்க, அதுல யாரு ரொம்ப ஓவரா மதிப்பு போட்டாரோ பெரும்பாலும் அவருதான் ஜெயிப்பாரு, அதாவது கூடக் குடுத்து மாட்டிக்கிட்டவருக்குத்தான் அங்க கைதட்டல்.

வாய்ச்சண்டைல எண்ணுறதுக்கே ஆள் கிடையாது, அதனால ரெண்டு பேருமே தான்தான் ஜெயிச்சோம்னு போய்த் தூங்கிடுவாங்க.